பொழுதுபட்டாப் பிறகு வானத்தில என்ன நடக்குது? அந்தியைப் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்வியள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில பின்னேரம் நிக்கிற சனத்தைக் கவனிச்சிருக்கிறீங்களோ? சூரியன் தாண்ட உடனயே முக்கால்வாசிப் பேர் மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணிடுவினம். வடிவான பகுதி அதுக்குப் பிறகுதான் தொடங்குது. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வானம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்துக்கு மூண்டு கட்டம் இருக்கு, ஒவ்வொண்டுக்கும் சரியான கணக்கும் இருக்கு. கன பேர் கேட்ட கேள்வியளை வச்சு இதை எழுதிறன். கீழ வாற நேரங்கள் எல்லாம் யாழ்ப்பாண நகரத்துக்குப் பாத்தது, அதாவது வட அகலக்கோடு 9.67 பாகை, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை. ஒண்டு ரெண்டு நிமிசம் முன்னப்பின்ன வரலாம்.

அந்தி எண்டா சரியா எது?

சூரியன் அடிவானத்துக்குக் கீழ போயிட்டுது ஆனா வெளிச்சம் போகேல்ல, இல்லாட்டி விடியப்புறம் சூரியன் இன்னும் வரேல்ல ஆனா வெளிச்சம் வந்திட்டுது. இந்த ரெண்டும் அந்திதான். எங்களுக்குச் சூரியன் மறைஞ்சாலும் எங்கட தலைக்கு மேல பத்து இருபது கிலோமீற்றர் உயரத்தில இருக்கிற காத்துக்கு இன்னும் மறையேல்ல, அதில வெயில் பட்டுச் சிதறி எங்களிட்டை இறங்கி வருது. சூரியன் கீழ போகப் போக வெயில் படுற பகுதி மேல மேல ஏறும், அங்க காத்து ஐதாகிக்கொண்டே போகும், அதால வெளிச்சமும் குறைஞ்சுகொண்டே வரும். சந்திரனில காத்தே இல்லை, அங்க நிண்டா இந்த அந்தி வானமே இருக்காது.

மூண்டு கட்டம் எண்டுறது என்னென்ன?

சூரியன்ர நடுப்புள்ளி அடிவானத்துக்கு எத்தினை பாகை கீழ இருக்குது எண்டதுதான் கணக்கு. 6 பாகை வரைக்கும் சிவில் அந்தி. 6இல இருந்து 12 வரைக்கும் கடல் அந்தி, போன் ஆப்புகள்ல நோட்டிக்கல் எண்டு போட்டிருக்கும். 12இல இருந்து 18 வரைக்கும் வானியல் அந்தி, அஸ்ட்ரோனமிக்கல் எண்டு வாறது இதுதான். 18ஐத் தாண்டினா முழு இரவு. விடியேக்க இதே கணக்கு தலைகீழா வரும், முதல்ல வானியல், பிறகு கடல், கடைசியா சிவில்.

சூரியன் மறைஞ்ச நேரம் எண்டு எதை எடுக்கிறது?

சூரியன்ர மேல்விளிம்பு அடிவானத்தில மறையிற அந்த நேரத்தை. ஆனா இதில ஒரு சங்கதி இருக்கு. காத்து மண்டலம் வெளிச்சத்தை வளைக்கிறதால, கடலுக்கு மேல சூரியனை நீங்கள் கண்ணால பாத்துக்கொண்டு நிக்கேக்கையே அது உண்மையில கீழ போயிருக்கும். அந்த வளைவு சராசரியா 34 கலை (ஒரு பாகையில அறுபதில ஒரு பங்குதான் கலை), சூரியன்ர அரைவிட்டம் 16 கலை, ரெண்டையும் கூட்டினா 50 கலை, அதாவது 0.833 பாகை. கலண்டரில, ஆப்பில வாற உதய அஸ்தமன நேரமெல்லாம் இந்த 0.833ஐ வச்சுத்தான் போடுறது. சூரியன்ர கீழ்விளிம்பு கடலைத் தொட்டதில இருந்து மேல்விளிம்பு மறையிற வரைக்கும் எங்கட ஊரில ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

பேசாம "ஆறரைக்குப் பொழுதுபடும்" எண்டு சொல்லுறதை விட்டிட்டு ஏன் பாகைக் கணக்கு?

மணிக்கூடு ஆக்கள் வச்சது, வானம் அதுக்குக் கட்டுப்படாது. இது எங்கட சனத்துக்கு நல்லா விளங்கும், ஏனெண்டா நாங்கள் அதை நேராக் கண்டனாங்கள். 1996 மே மாசம் கரண்டை மிச்சம் பிடிக்கிறதெண்டு இலங்கையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, ஒக்ரோபரில அதில அரை மணித்தியாலத்தைக் குறைச்சவை, பிறகு 2006 ஏப்ரலில திரும்பப் பழைய நேரத்துக்கே கொண்டு வந்தவை. இடைப்பட்ட பத்து வருசமும் புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த பகுதியள்ல பழைய நேரம்தான் ஓடினது. 2002இல ஏ9 பாதை திறந்தாப் பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து முகமாலை தாண்டி வன்னிக்குள்ள போனா கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்போணும். 1996 ஜூனில யாழ்ப்பாணத்தில சூரியன் மறைஞ்சது மணிக்கூட்டின்படி ஏழரை. அதே நேரம் இண்டைக்கு ஆறரை. சூரியன் நிண்ட இடம் ரெண்டுக்கும் ஒண்டுதான்.

இன்னொண்டும் இருக்கு. எங்கட நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டை வச்சு எடுத்தது, யாழ்ப்பாணம் 80இல இருக்கு, அதால சூரியன் உச்சிக்கு வாறது சராசரியா 12.10க்கு. பன்ரெண்டு மணிதான் உச்சி எண்டு நினைக்காதேங்கோ.

சிவில் அந்தியில என்ன செய்யலாம், என்ன பாக்கலாம்?

லைற் போடாம வெளி வேலை பாக்கக்கூடிய நேரம் இது. முத்தத்தில இருந்து பேப்பர் வாசிக்கலாம், வந்து நிக்கிற ஆளின்ர முகம் தெரியும், மதிலுக்கு அங்கால நிக்கிறது எந்த மாடு எண்டு சொல்லலாம். விமானம் ஓட்டுற ஆக்களுக்குச் சர்வதேச விதியின்படி இரவு எண்டுறது பின்னேர சிவில் அந்தி முடியிற நேரத்தில இருந்து காலமை சிவில் அந்தி தொடங்கிற நேரம் வரைக்கும், அதால பலாலி ஓடுபாதையிலயும் இந்த 6 பாகைக்கு ஒரு பெறுமதி இருக்கு.

வீட்டு வேலியில பீர்க்கங்கொடி படந்திருந்தா சூரியன் இறங்கிற நேரம் கிட்டப் போய் நிண்டு பாருங்கோ. பகல் முழுக்க மூடிக் கிடந்த மொட்டு மெல்ல மெல்ல விரிஞ்சு மஞ்சள் இதழ் வெளிய வரும், மற்ற நிறமெல்லாம் மங்கிப் போற நேரத்தில அந்த மஞ்சள் மட்டும் தனியாத் தெரியும். இரவில பறக்கிற பூச்சியளுக்காகத்தான் அது அந்த நேரம் பாத்து விரியுது. வௌவாலும் இந்தக் கட்டத்திலதான் மரத்தை விட்டுக் கிளம்பத் தொடங்கும். விடிவெள்ளி எண்டுற வெள்ளிக் கோள் மாலையில தெரியிற காலமெண்டா அதையும் இப்பவே மேற்கில காணலாம், நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் பொறுக்கோணும்.

வெளிச்சத்தை அளந்து பாத்தா, இந்தக் கட்டம் முடியேக்க வெட்டையான இடத்தில 3 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுதான் மிஞ்சும். வாகனத்துக்கு லைற் போட இவ்வளவும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, சூரியன் மறைஞ்ச உடனயே போடுங்கோ. உங்களுக்கு ரோட்டுத் தெரியும்தான், ஆனா முன்னால வாற ஆளுக்கு உங்களைத் தெரியோணுமே, லைற் இல்லாமச் சைக்கிளில வாற வயசுபோன ஆக்களும் இந்த நேரத்திலதான் கூட.

கடல் அந்திக்கு ஏன் அந்தப் பேர்?

கப்பல்காரருக்கு இது வேலை நேரம். செக்ஸ்ரன்ற் எண்ட கருவியை வச்சு ஒரு நட்சத்திரம் அடிவானத்தில இருந்து எத்தினை பாகை உயரத்தில நிக்குது எண்டு அளந்துதான் முந்தி நடுக்கடலில தாங்கள் நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சவை. அதுக்கு ரெண்டு சாமானும் ஒரே நேரத்தில கண்ணுக்குத் தெரியோணும், நட்சத்திரமும் வேணும், கடலும் வானமும் சேருற கோடும் வேணும். பகலில கோடு இருக்கு நட்சத்திரம் இல்லை, நடு இரவில நட்சத்திரம் இருக்கு கோடு இல்லை. ரெண்டும் சேந்து கிடைக்கிறது இந்தக் கொஞ்ச நேரத்திலதான், 12 பாகையைத் தாண்டினாக் கோடு இருட்டுக்குள்ள கரைஞ்சிடும்.

வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர மசசூசெற்ஸ் மாநிலத்தில இருக்கிற குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்தது. ஜிபிஎஸ் இல்லாத அந்தக் காலத்தில பெருங்கடலில ஓடின எந்தக் கப்பலுக்கும் சூரியனும் நட்சத்திரமும்தான் வழி சொன்னது. இப்பிடி ஒரு கப்பலோட்டம் இருந்த மண்ணில பிறந்த பிள்ளையளுக்கு இந்த விசயத்தைச் சொல்லிக் குடுக்காம விடுறது எனக்கு உண்மையாவே கவலை.

நீங்களே செய்து பாக்கக்கூடிய ஒண்டு சொல்லுறன். பருத்தித்துறைக் கரையில வடக்குக் கடலைப் பாத்து நில்லுங்கோ, சூரியன் மறைஞ்சு முப்பத்தைஞ்சு நாப்பது நிமிசம் போகட்டும். கையை நேர நீட்டி விரலை மடக்கி முட்டியாக்கிக் கடல் கோட்டுக்கு மேல வையுங்கோ, அந்த ஒரு முட்டி உயரம் கிட்டத்தட்ட 10 பாகை. முட்டிக்கு மேல் விளிம்போட, நேர் வடக்கில, பெரிய பிரகாசம் இல்லாத ஒரு நட்சத்திரம் நிக்கும், அதுதான் துருவ நட்சத்திரம். அது எத்தினை பாகை உயரத்தில நிக்குதோ கிட்டத்தட்ட அதுதான் நீங்கள் நிக்கிற இடத்தின்ர அகலக்கோடு. மேகமோ கடல் புகாரோ இருந்தாத் தெரியாது, அவ்வளவு பதிவாத்தான் நிக்கும், அப்ப இன்னொரு நாளைக்குப் போங்கோ.

வானியல் அந்தி எப்பிடித் தெரியும்? எல்லாம் இருட்டாத்தானே இருக்கு?

ரவுணுக்குள்ள நிண்டாத் தெரியாதுதான். கண்ணுக்கு எப்பவோ இரவு வந்திட்டுது, ஆனா மேற்கு அடிவானத்தில மங்கல் வெளிச்சம் ஒண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். 18 பாகைக்குப் போனாப் பிறகுதான் சூரியனால வாற வெளிச்சம் நட்சத்திரங்களின்ர வெளிச்சத்தையும் விடக் குறையும், வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடிய ஆக மங்கின நட்சத்திரமும் உச்சியில அப்பதான் தெரியும். இந்த 18 இண்டைக்கு நேற்றுக் கண்டுபிடிச்சதில்லை. பதினோராம் நூற்றாண்டில ஸ்பெயினின்ர தெற்கில இருந்த இப்னு முஆத் அல்-ஜய்யானி எண்ட கணித அறிஞர் இதுக்குக் கிட்டின ஒரு கோணத்தை வச்சு, வளிமண்டலம் எவ்வளவு உயரம் இருக்கும் எண்டே கணக்குப் போட்டிருக்கிறார்.

தொண்ணூறுகள்ல கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில வளந்த ஆக்களுக்கு இந்த மூண்டாம் கட்டமும் பால்வீதியும் சும்மா முத்தத்தில படுத்திருந்தாலே தெரிஞ்சது. இப்ப கோயிலுக்கும் கடையளுக்கும் போடுற வெள்ளை எல்ஈடி வெளிச்சம் மேல்நோக்கி அடிக்குது, அதால அந்த வானம் எங்களுக்கு இல்லாமப் போகுது. லைற்றை வேண்டாமெண்டு சொல்லேல்ல, கீழ் பக்கம் பாத்து மூடி வச்சுப் போட்டா ரோட்டுக்கும் நல்லம் வானத்துக்கும் நல்லம். பழைய இருட்டு வேணுமெண்டா நெடுந்தீவில ஒரு இரவு தங்கிப் பாருங்கோ.

வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையள் "இஞ்ச ஏன் உடன இருட்டுது" எண்டு கேக்கினம். உண்மையோ?

உண்மைதான். எங்கட ஊர் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருக்கிறதால சூரியன் கிணத்துக்குள்ள வாளி இறக்கின மாதிரி கிட்டத்தட்ட நேர கீழ போகுது, ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகைக்குக் கொஞ்சம் குறைய. லண்டனில அது சரிஞ்சு சரிஞ்சு அடிவானத்தோட ஒட்டிக்கொண்டு போகும், அதால 6 பாகை கீழ போகவே கன நேரம் பிடிக்கும்.

இலக்கமாப் பாப்பம். மார்ச் 20 அளவில யாழ்ப்பாணத்தில சூரியன் மறையிறது 6.21, சிவில் அந்தி முடியிறது 6.42, கடல் அந்தி 7.06, வானியல் அந்தி 7.31. மொத்தம் 70 நிமிசம். ஜூன் கடைசியில இது 78 நிமிசம் வரைக்கும் போகும், டிசம்பரில 75. வருசம் முழுக்கப் பாத்தாலும் வித்தியாசம் எட்டு நிமிசம்தான். லண்டனில சிவில் அந்தி மட்டும் மார்ச்சில 33 நிமிசம், ஜூனில 48 நிமிசம், எங்களுக்கு அது 21க்கும் 23க்கும் இடையில.

அப்ப லண்டனில ஜூன் மாசம் முழு இரவே இல்லையெண்டு சொல்லுறது?

சரி. லண்டன் 51.5 பாகை வடக்கில இருக்கு, ஜூன் 21 நடு இரவில சூரியன் அங்க 15 பாகைதான் கீழ போகும், 18ஐத் தொடாது, ஆகவே விடிய விடிய வானியல் அந்திதான். ஒஸ்லோவில 6.6 பாகைதான் போகும், சிவில் அந்தி முடிஞ்ச கையோட திரும்பத் தொடங்கிடும். நோர்வேயின்ர வடக்கில மீன் பக்ரறியள்ல வேலை செய்த எங்கட ஆக்களைக் கேட்டா இன்னும் சொல்லுவினம். அங்க இருக்கிற ட்ரொம்சோ நகரத்தில மே 20 அளவில இருந்து ஜூலை கடைசி வரைக்கும் சூரியன் மறையாது, டிசம்பரில உதிக்காது, அப்ப நடுப்பகலுக்குச் சூரியன் 3 பாகை கீழ நிக்கும், அதாவது அங்க மத்தியானமே சிவில் அந்தி. ரொறொன்ரோவில எல்லா நாளும் முழு இரவு உண்டு.

ஏன் இவ்வளவு நிறம்?

சிவப்புக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும், வெளிச்சம் கன தூரம் காத்துக்குள்ளால வரேக்க நீலம் சிதறிப் போக மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுது. ஆனா சூரியன் மறைஞ்சாப் பிறகு தலைக்கு நேர மேல வாற அந்தக் கடும் நீலத்துக்குக் காரணம் வேற. அதுக்குப் பெரும்பங்கு ஓசோன் படை, அந்தச் சரிவான பாதையில வாற வெளிச்சத்தில செம்மஞ்சள் பகுதியை ஓசோன் உறிஞ்சிப்போடும். 1953இல ஹல்பர்ட் எண்ட அமெரிக்க விஞ்ஞானி இதைக் கணக்குப் போட்டுக் காட்டினவர். அதுவரைக்கும் பகல் நீலமும் அந்தி நீலமும் ஒண்டெண்டுதான் நினைச்சிருந்தவை.

எல்லாரும் மேற்கையே பாக்கினம், ஒருக்காக் கிழக்கைத் திரும்பிப் பாருங்கோ. மணற்காடு மாதிரிக் கிழக்குக் கடல் திறந்திருக்கிற இடமெண்டா இன்னும் நல்லம். சூரியன் மறைஞ்சு கொஞ்ச நேரத்தில கடலுக்கு மேல சாம்பல் நீலத்தில ஒரு பட்டை எழும்பும், அதுக்கு மேல இளஞ்சிவப்பில இன்னொரு பட்டை. கீழ இருக்கிற அந்த நீலம் மேகமில்லை, பூமியின்ர நிழல் வளிமண்டலத்தில விழுந்திருக்கு. நிமிசத்துக்கு நிமிசம் அது மேல ஏறுறதை நிண்ட இடத்திலயே பாக்கலாம், சிவில் அந்தி முடியிறதுக்குள்ள இரவோட கலந்திடும்.

எரிமலைச் சாம்பலும் நிறத்தை மாத்தும். 1883 ஆகஸ்டில இந்தோனேசியாவில கிரகடோவா வெடிச்சாப் பிறகு செப்ரெம்பரில இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் சூரியன் பச்சையாவும் நீலமாவும் தெரிஞ்சதெண்டு பதிவு இருக்கு, அதைத் தொடர்ந்து மாசக் கணக்கா உலகம் முழுக்க அந்தி வானம் கடும் சிவப்பா இருந்தது.

கலியாண சூட்டிங்காரர் சொல்லுற புளூ அவர் எது?

சூரியன் 4இல இருந்து 6 பாகை கீழ நிக்கிற நேரம். பேர்தான் "அவர்", அதாவது மணித்தியாலம், இஞ்ச அது எட்டு நிமிசம். பொம்பிளை மாப்பிளையைக் கரையில தயாரா நிப்பாட்டி வச்சுக்கொண்டு இருக்கோணும், சாறி மாத்திப்போட்டு வாறம் எண்டு போனா முடிஞ்சிடும்.

டிசம்பர் 21தான் ஆகக் குறைஞ்ச பகல். அப்ப ஏன் நவம்பரில வெள்ளன இருட்டுது?

நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தில ஆக வெள்ளனச் சூரியன் மறையிறது நவம்பர் நடுப்பகுதி தாண்டி, 5.45 அளவில. டிசம்பர் 21க்கு அது 5.55. பூமியின்ர அச்சு சரிஞ்சிருக்கிறதாலயும் சூரியனைச் சுத்துற வேகம் வருசத்துக்குள்ள மாறுறதாலயும் சூரியன் உச்சிக்கு வாற நேரம் முன்னப்பின்னப் போகுது, நவம்பரில 11.56க்கே உச்சி, ஜனவரி நடுவில 12.19க்கு. எங்கட ஊரில பகலின்ர நீளம் பெரிசா மாறாது, அதால இந்த உச்சி மாற்றம்தான் வெல்லும். பொங்கலண்டைக்கு இதை நேராக் காணலாம், டிசம்பரை விடப் பகல் நீண்டிருக்கும் ஆனா சூரியன் இன்னும் பிந்தித்தான் வரும், 6.30 அளவில. அண்டைக்கு வானியல் அந்தி தொடங்கிறது 5.16, கடல் அந்தி 5.42, சிவில் அந்தி 6.08. கோலம் போட ரோச் வேண்டாமெண்டா 6.08க்குப் பிறகு இருங்கோ. நவம்பரில மழை இருட்டும் சேருறதால இன்னும் வெள்ளன இரவான மாதிரி இருக்கும், மேகம் இந்தப் பாகைக் கணக்கை மாத்தாது.

முஸ்லிம் ஆக்களின்ர சுபஹ் (விடியப்புறம்), இஷா (இரவு) தொழுகை நேரத்துக்கும் இதுக்கும் தொடர்பிருக்கோ?

நேரடித் தொடர்பு. மஃரிப் எண்ட பின்னேரத் தொழுகை சூரியன் மறைஞ்ச உடன. சுபஹ் கிழக்கு அடிவானத்தில உண்மையான வெள்ளாப்பு பரவேக்க, இஷா மேற்கில செம்மை போனாப் பிறகு. கணக்காப் போடேக்க வேற வேற நாட்டு அமைப்புகள் 15 தொடக்கம் 20 பாகை வரைக்கும் வேற வேற கோணம் எடுக்கினம், 18 கனக்கப் பேர் எடுக்கிறது. அதாலதான் ரெண்டு ஆப்பில ரெண்டு சுபஹ் நேரம் வருது. எங்கட ஊரில ஒரு பாகைக்கு நாலு நிமிசம் சொச்சம்.

பொய்யான விடியல் எண்டு ஒண்டைப் பற்றியும் பழைய ஆக்கள் எச்சரிச்சிருக்கினம். அதுவும் உண்மையான ஒரு காட்சி. கோள்கள் சுத்துற தளத்தில கிடக்கிற தூசில வெயில் பட்டு, வானியல் அந்தி தொடங்க முன்னமே கிழக்கில ஒரு மங்கல் கூம்பு நிமிர்ந்து நிக்கும். உண்மையான விடியல் அடிவானத்தோட அகலமாப் பரவும், இது மேல்நோக்கிக் குறுகிப் போகும். செப்ரெம்பர் ஒக்ரோபர் விடியப்புறத்தில இருட்டான இடத்தில பாருங்கோ.

பிரதோஷமும் பிரம்ம முகூர்த்தமும்?

அதுகள் பாகையில இல்லை, நாழிகையில. ஒரு நாழிகை 24 நிமிசம். பிரதோஷம் சூரியன் மறைய முன்னும் பின்னும் மூண்டே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிசம், ஆகவே எங்கட அந்தி முழுக்க அதுக்குள்ள அடங்கும். பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிசம் முந்தித் தொடங்கி 48 நிமிசம் முந்தி முடியுது. யாழ்ப்பாணத்தில அது தொடங்கேக்க முழு இருட்டு, முடியேக்க சூரியன் கிட்டத்தட்டச் சரியா 12 பாகை கீழ, அடிவானக் கோடு தெரியத் தொடங்கிற நேரம். இந்தப் பொருத்தம் எங்கட அகலக்கோட்டுக்கு வருசம் முழுக்க ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள சரியா வருது, கணக்குப் பாக்கேக்க எனக்குச் சந்தோசமா இருந்தது.

நுளம்பு கடிக்கிறது அந்தியிலதானே?

டெங்கு நுளம்பு பகலில கடிக்கிறது, சூரியன் உதிச்சாப் பிறகும் மறைய முன்னமும்தான் கூட. பொழுதுபட்டாப் பிறகு மட்டும் ஜன்னலைச் சாத்தினாக் காணாது.

பஞ்சாங்கத்தில இருக்கிற உதய நேரமும் போனில வாற நேரமும் ஏன் ஒத்து வருகுதில்லை?

சில கணிப்புகள் சூரியன்ர நடுப்புள்ளியை எடுக்கும், காத்து வளைக்கிறதைச் சேர்க்காது, அதாலயே மூண்டரை நிமிசம் அளவு வித்தியாசம் வந்திடும். அடுத்தது இடம். ஆப்பில கொழும்பு எண்டு கிடந்தா ஜூனில யாழ்ப்பாணத்து அஸ்தமனத்தை விட நாலு நிமிசம் முந்திக் காட்டும், டிசம்பரில அஞ்சு நிமிசம் பிந்திக் காட்டும். செற்றிங்ஸ்ல போய் இடத்தை யாழ்ப்பாணம் எண்டு மாத்திப்போட்டு, பஞ்சாங்கத்தில எந்த ஊருக்குக் கணிச்சது எண்டு முன்பக்கத்தில போட்டிருக்கிறதையும் ஒருக்காப் பாருங்கோ.